ஓலைக்கட்டு முதல் நூற்கட்டு வரை: கொள்ளிடக் கரையில் தாளும் கட்டுமானமும்

ஒரு நூலின் ஆயுளை இரண்டு முடிவுகள் தீர்மானிக்கின்றன: எழுத்தை எதன் மேல் இடுவது, இட்டதை எதனால் கட்டுவது. எவ்வளவு காலம் இருக்க வேண்டும், எத்தனை கைகள் புரட்டும், எந்த ஈரத்தையும் எந்தப் பூச்சியையும் தாங்க வேண்டும் என்பதைப் பார்த்தே இந்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன. தஞ்சாவூர்–அரியலூர் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமானூர். இந்த வட்டாரமும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தஞ்சை நாடும் செம்பு, பனையோலை, கந்தல் தாள், மரக்கூழ்த் தாள், கரும்புச் சக்கைத் தாள் என எல்லாவற்றையும் வரிசையாகக் கண்டவை. தமிழ் நூலின் உடம்பு எப்படி மாறிவந்தது என்பதை இந்த ஆற்றங்கரையை வைத்தே சொல்லிவிடலாம்.

செம்பும் வளையமும்

என்றும் அழியக் கூடாத ஆவணத்துக்குச் சோழர்கள் செம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கொள்ளிடக் கரையில் லால்குடிக்கு அருகிலுள்ள அன்பிலில் கிடைத்த சுந்தர சோழன் காலச் செப்பேடுகள் இவ்வட்டாரத்துக்கு நெருங்கிய சான்று. தகடுகளின் ஓரத்தில் துளையிட்டு, ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் அரச முத்திரையை வார்த்துவிடுவது அக்கால முறை. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இப்படி 31 தகடுகள் கோக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வளையம் தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு நிற்கவில்லை. முத்திரையை உடைக்காமல் ஒரு தகட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. பக்கங்களை ஒழுங்காக வைப்பதும், உள்ளதை யாரும் மாற்றாமல் காப்பதும் கட்டுமானத்தின் வேலை என்பதை அந்த முத்திரை வளையம் தெளிவாகக் காட்டுகிறது. பத்திரப் பதிவேடுகளைப் பிரித்தெடுக்க முடியாதபடி தைத்து, பக்கந்தோறும் எண் இடுவதன் நோக்கமும் இதுவே.

பனையோலையும் அதன் கட்டும்

நாள்தோறும் எழுதவும் படிக்கவும் பயன்பட்டது பனையோலை. மரத்திலிருந்து வெட்டிய குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வேகவைத்து அல்லது ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். இதற்கு ஓலையைப் பாடம் செய்தல் என்று பெயர். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளியாது. விளக்குக் கரி, மஞ்சள், பச்சிலைச் சாறு ஆகியவற்றில் ஒன்றைப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் நிறம் தங்கி எழுத்து தெரியும். வசம்பும் எலுமிச்சம்புல் எண்ணெயும் பூச்சியைத் தள்ளிவைத்தன.

கட்டுவதற்கு ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள். மேலும் கீழும் மரச் சட்டம் வைத்து, ஏடுகள் வளையாதபடி இறுக்கிச் சுற்றினார்கள். கயிற்றின் நுனியில் கிளியின் அலகுபோல நறுக்கிய ஓலைத் துண்டு இருக்கும். கிளிமூக்கு எனப்படும் அதைச் சுற்றின் அடியில் செருகினால் கட்டு அவிழாது. படிக்கும்போது கயிற்றைத் தளர்த்தினால் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும். படித்து முடித்ததும் மறுபடி இறுக்கிவிடலாம். சட்டத்தின் இறுக்கம் காற்றையும் பூச்சியையும் ஓரளவு தடுத்தது.

எழுதும் பரப்பு எழுத்தின் வடிவத்தையும் பாதித்தது. நரம்பின் வாக்கில் நேர்க்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். தமிழ் எழுத்துகளின் வளைவுக்கு இதை ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஓலையின் ஆயுளுக்கு எல்லை உண்டு. நல்ல பராமரிப்பில் சில நூற்றாண்டு நிற்கும். ஈரமும் செல்லும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் அதற்கு முன்பே பொடியாகும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவது தலைமுறைக் கடமையாக இருந்தது. படியெடுத்தபின் பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் விடும் வழக்கமும் காவிரி நாட்டில் இருந்தது. படியெடுக்க ஆள் இல்லாத வீட்டு ஏடுகளும் அப்படியே போயின; தமிழுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

தாள் வந்த பிறகும் ஓலையின் சொற்கள் போகவில்லை. பேரேடு, நாளேடு, குறிப்பேடு, பதிவேடு என்று இன்றும் தாள் கட்டுகளையே குறிக்கும் சொற்களில் ஓலை தங்கியிருக்கிறது.

ஏலாக்குறிச்சியும் தரங்கம்பாடியும்

திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில்தான் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் நெடுங்காலம் பணியாற்றினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல மாதா மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், 1732-இல் முடிந்த சதுரகராதியும் அவர் படைப்புகள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைப் புள்ளியை நம்பாமல் எழுத்தின் வடிவத்திலேயே காட்ட வேண்டும் என்று கண்டு, நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையை அவர் புகுத்தினார். ஓலையின் குறை ஒன்றை எழுத்தில் தீர்த்துவைத்த அந்தச் சுழி இன்று ஒவ்வொரு அச்சு நூலிலும் இருக்கிறது.

பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாகியது. அச்சகம் சீர்திருத்தத் திருச்சபையினருடையது. சமயக் கொள்கையில் அவர்களும் வீரமாமுனிவரும் எதிரெதிர் அணி. ஆயினும் தமிழ் கற்க அதைவிட நல்ல நூல் இல்லை என்பதால் அதைத் தங்கள் தாளில், தங்கள் எழுத்தில் அவர்கள் அச்சிட்டார்கள்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலில் ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். பிறகு அச்சுக்குத் திரும்பினார். 1712-இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை அளவில் பெரியவை. பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சிட, கப்பலில் வந்த தாள் போதாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இலும் வெளிவந்தன. அதே காலத்தில் அருகிலுள்ள பொறையாறில் ஒரு தாள் பட்டறையும் அமைத்தார்கள். அது நெடுநாள் நீடிக்கவில்லை. எழுத்தின் அளவு, பக்கங்களின் எண்ணிக்கை, தாளின் செலவு மூன்றும் ஒன்றையொன்று பிடித்திழுப்பவை என்ற பாடத்தைத் தரங்கம்பாடி அச்சகம் அதன் முதல் பெரிய வேலையிலேயே கற்றது.

அந்த நாளைய ஐரோப்பியத் தாள் பழைய பருத்தி, லினன் துணிக் கந்தலை அடித்துக் கூழாக்கிக் கையால் அள்ளி வார்த்தது. நீண்ட நார்களும் அமிலமற்ற தன்மையும் சேர்ந்ததால் அத்தாள் 300 ஆண்டு கழிந்தும் மடங்குகிறது, உடைவதில்லை. தாளை மடித்துப் பிரிவுகளாக்கி, நூலால் தைத்து, தோல் போர்த்த அட்டைக்குள் வைத்துக் கட்டினார்கள். ஓலைக்கட்டில் துளையின் வழியே கயிறு ஓடியது. நூற்கட்டில் மடிப்பின் வழியே தையல் ஓடியது. பக்கத்தை முழுதாக விரித்துப் படிக்கும் வசதியைத் தமிழ் வாசகருக்கு நூற்கட்டு கொடுத்தது.

அச்சு எல்லோர் கைக்கும் வந்த நூற்றாண்டு

திருமானூரிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தால் தஞ்சாவூர். 1798 முதல் 1832 வரை அங்கு அரசாண்ட இரண்டாம் சரபோஜி, அரண்மனையின் சரசுவதி மகால் நூலகத்தை ஓலைச்சுவடி, தாள் கையெழுத்து, ஐரோப்பிய அச்சு நூல் மூன்றாலும் நிரப்பினார். அரண்மனையில் ஓர் அச்சகமும் அமைத்தார். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு 1806-இல் அங்கு அச்சாகியது. ஓலையையும் தாளையும் ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் தமிழ்நாட்டில் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

1835-இல் அச்சகம் வைக்க இருந்த தடைகள் நீங்கின. அதன்பின் தமிழர்கள் தாமே அச்சகங்களை நிறுவினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1849-இல் தொடங்கிய அச்சகம் அவற்றுள் புகழ்பெற்றது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை புதுச்சேரியில் பகுதி பகுதியாக அச்சேறியது. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் காப்பியம் கையெழுத்துப் படியாகவே வாழ்ந்திருந்தது.

உ.வே. சாமிநாதையர் சிறு வயதில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடமும், பிறகு பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் படித்தவர். ஏட்டில் பாடம் கேட்டுத் தொடங்கிய அந்த வாழ்க்கை 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தது. பதிப்பாசிரியரே தாளுக்குப் பணம் திரட்டி, அச்சகத்தோடு பேசி, கட்டுமானம் முடியும்வரை உடன் நிற்க வேண்டிய காலம் அது. ஒரு பதிப்பின் பெருஞ்செலவு தாளுக்கே போனது; முன்பணம் கொடுத்துக் கையொப்பமிட்ட அன்பர்களின் துணையால்தான் பல நூல்கள் வெளிவந்தன.

பழுத்து உடைந்த தாள்

அந்த நூற்றாண்டிலேயே தாளின் மூலப்பொருள் மாறியது. கந்தல் துணி போதாமல் போனதால் ஐரோப்பிய ஆலைகள் மரத்தைக் கூழாக்கின. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தன. படிகாரம் தாளில் அமிலத்தை உண்டாக்குகிறது. அரைத்த மரக்கூழில் எஞ்சும் லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பாகிறது. இரண்டும் சேர்ந்தால் 50 அல்லது 60 ஆண்டில் தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறிகிறது. தஞ்சைப் பகுதியின் வெப்பமும் ஈரமும் இதை இன்னும் விரைவுபடுத்துகின்றன.

இதன் விளைவு கொடியது. 1715-இல் அச்சான வேத நூலின் பக்கம் உறுதியாக இருக்க, 1915-இல் அச்சான நாவலின் பக்கம் தொட்டால் உதிர்கிறது. மலிவான தாள் தமிழ் வாசிப்பைப் பரப்பியது. அதே தாள் அந்த வாசிப்பின் சான்றுகளைத் தின்றும் விட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் இந்த அழிவிலிருந்து தப்பியதற்குக் காரணம், 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் அமைந்ததும், பக்கங்கள் நுண்படமாக எடுக்கப்பட்டதும்தான். ஓலைக்குப் படியெடுப்பு எப்படியோ, அமிலத் தாளுக்கு நுண்படம் அப்படி.

சக்கையிலிருந்து தாள்

தமிழ்நாடு தனக்கு வேண்டிய தாளைத் தானே பெருமளவில் செய்யத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். காவிரிக் கரையில், பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1960-இல் நிறுவப்பட்டது. 1979-இல் மாநில அரசு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. கரூர் மாவட்டம் புகளூரில் அமைந்த அதன் ஆலை, ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு 1980-களின் நடுவில் உற்பத்தியில் இறங்கியது.

இந்த ஆலையின் மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து நீராவி எடுத்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்வது புகளூர் ஆலை கண்ட வழி. சக்கையின் நார் குட்டையானது. அதனால் அதிலிருந்து வரும் தாள் வழவழப்பாகவும் அச்சுக்கு ஏற்றதாகவும் இருக்கும், ஆனால் இழுவைக்கு அவ்வளவு தாங்காது. பலத்துக்காக மரக்கூழைக் கலக்கிறார்கள். தைலமரமும் சவுக்கும் அதற்குப் பயன்படுகின்றன. கரும்பு திருமானூர்ப் பாசன நிலத்தின் பயிர். தைலமரம் அரியலூர்ச் செம்மண் மேட்டின் மரம். இன்றைய தமிழ் நூலின் தாள் எப்படிப்பட்ட மண்ணிலிருந்து வருகிறது என்பதை இவ்வட்டாரத்தார் தங்கள் வயலிலேயே பார்க்கலாம்.

படிகாரம் சேர்க்கும் பழைய முறையைப் புதிய ஆலைகள் கைவிட்டன. அமிலமற்ற தாளில் நிரப்பியாகச் சேர்வது கால்சியம் கார்பனேட்; அரியலூரின் பெயரைச் சிமென்ட் உலகில் நிலைநாட்டிய சுண்ணாம்புக்கல்லும் அதே சேர்மம்தான். காலப்போக்கில் தாளுக்குள் உண்டாகும் சிறு அமிலத்தையும் அது முறித்துவிடும். அட்டைக்கும் தொலைவு போக வேண்டியதில்லை: திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் புகளூர் ஆலையின் நிறுவனமே 2016-இல் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் பூச்சு அட்டை செய்யும் திறனுள்ளது.

தாளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

தாளின் கனத்தை இன்று ஜி.எஸ்.எம். கொண்டு அளக்கிறார்கள், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. தமிழ்ப் பதிப்பாளர்கள் நெடுங்காலம் வேறொரு கணக்கில் பேசினார்கள்: ஒரு ரீம், அதாவது 500 தாளின் எடை. "11.6 கிலோ வெள்ளைத் தாள்" என்று பழைய நூல்களில் காண்பது அதைத்தான். 20 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள தாளின் பரப்பு 0.387 சதுர மீட்டர். 500 தாளுக்கு 193.5 சதுர மீட்டர், 60 ஜி.எஸ்.எம். என்றால் எடை 11.6 கிலோ. இரண்டு கணக்கும் ஒரே தாளையே சொல்கின்றன.

அந்த ஒரு தாளை மடித்து வெட்டினால் கிரவுன் அளவில் 16 இலைகள், அதாவது 32 பக்கங்கள் கிடைக்கும். 160 பக்க நூலுக்கு 5 தாள்; 1,000 படிக்கு 5,000 தாள், அதாவது 10 ரீம், 116 கிலோ. அச்சில் வீணாகும் தாளுக்கு இதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டும். அச்சகத்தார் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பர். பக்க எண்ணிக்கை 16-ஆல் வகுபட்டால் தாள் வீணாகாது. 162 பக்கத்தில் முடியும் நூலை 160-க்குள் அடக்கச் சொல்லி அச்சகத்தார் கேட்பது இதனால்தான்.

எடைக்கு அடுத்தது பரப்பு. கவிதை, நாவல், வரலாறு போன்ற நெடிய வாசிப்புக்குப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளே கண்ணுக்கு இதம். அதிலும் வெளிர்மஞ்சள் சாயலுள்ளது ஒளியைக் கூசச் செய்யாது. பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியக் கூடாது என்றால் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் முன்பு 60 ஜி.எஸ்.எம். தாளில் வந்தன, வண்ணப் படங்கள் பெருகியபின் 80 ஜி.எஸ்.எம்.முக்கு மாறின. கோயில் மலர், நிழற்படத் தொகுப்பு ஆகியவற்றுக்கு ஆர்ட் பேப்பர் வண்ணத்தைக் கூர்மையாகக் காட்டும். ஆனால் அதன் பூச்சு ஈரம்பட்டால் இளகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். வெள்ளம் காணும் ஆற்றங்கரை ஊரில் காக்க வேண்டிய நூலுக்கு அது ஏற்றதன்று.

சிறு ஊர் அச்சகங்களின் அன்றாட வேலைக்கும் இதே கணக்குதான். ஒரு நாளில் கையிலிருந்து போய்விடும் துண்டறிக்கைக்கு மெல்லிய வண்ணத் தாள். மஞ்சள் தடவிக் கையில் கொடுக்கும் திருமணப் பத்திரிகைக்குக் கெட்டியான அட்டை. பேனாவால் எழுதவேண்டிய பேரேட்டுக்கு மை ஊறாத லெட்ஜர் தாள். கிழித்துக் கொடுக்கும் ரசீதுப் புத்தகத்துக்குத் துளைவரிசையும் தொடர் எண்ணும்.

கட்டுமானத்தின் வகைகள்

கட்டுமானத்தில் எளியது சென்டர் பின். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடு மடிப்பில் கம்பி அடிப்பது. ஏறத்தாழ 64 பக்கம் வரை இது போதும். அதற்கு மேல் போனால் உள் தாள்கள் வெளியே துருத்தும். விழா மலர், சிறு இதழ், துதிப் புத்தகம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் தாளை அரிப்பது இதன் குறை.

தடித்த நூல்களுக்குப் பரவலாக இருப்பது பெர்ஃபெக்ட் பைண்டிங். ஃபாரங்களின் முதுகைச் சீவி, சூடான பசை தடவி, அட்டையை ஒட்டுவார்கள். விரைவு, மலிவு, முதுகில் தலைப்பு அச்சிட இடம் ஆகியவை இதன் வசதி. பசை இறுகினால் முதுகு பிளந்து பக்கங்கள் உதிரும். அகராதி, பாடநூல் போல நாள்தோறும் விரிக்கும் நூலுக்கு இது நிற்காது.

நீண்ட நாள் இருக்க வேண்டிய நூலுக்கு ஃபாரம் ஃபாரமாக நூலால் தைப்பதே வழி. ஒவ்வொரு பிரிவின் மடிப்பிலும் ஊசி நுழைந்து, அடுத்த பிரிவோடு பிணைகிறது. தைத்த முதுகுக்கு மேல் துணி ஒட்டி, காலிகோ அல்லது ரெக்சின் போர்த்த கெட்டி அட்டையில் பொருத்தினால் அது நூலகப் பதிப்பு. பசை மாவில் மயில்துத்தம் கலந்து பூச்சியைத் தடுப்பது கட்டுவோர் கைக்கொண்ட பழக்கம்; ஓலைக்கு வசம்பு செய்த வேலையை அது நூலுக்குச் செய்கிறது.

எந்தக் கட்டானாலும் ஒரு விதி பொது. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படிகின்றன. ஈரம் பட்டால் தாள் அதற்குக் குறுக்காக விரியும். நார்கள் நூலின் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் எளிதாக விழும், ஐப்பசி மழையிலும் நெளியாது. குறுக்காக ஓடினால் நூல் விறைத்து நிற்கும், முதுகில் அலை எழும். முழுத் தாளை எந்தப் பக்கம் மடிப்பது என்று அச்சுக்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். கட்டிய பிறகு திருத்த வழியில்லை.

ஏடெழுதுவோர் சுவடியின் கடைசி ஏட்டில் ஆண்டையும் மாதத்தையும் எழுதியவர் பெயரையும் குறிப்பது மரபு. அச்சு நூலில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது நூல் விவரப் பக்கம். தமிழ்ப் பதிப்பாளர் பலர் அதில் பதிப்பு ஆண்டோடு நூலின் அளவு, எழுத்தின் அளவு, தாளின் எடை, கட்டுமான வகை ஆகியவற்றையும் வரிசையாக அச்சிட்டார்கள். படிப்பவருக்கு அது விலைக்கு ஈடான விளக்கம். நூலகருக்கு அது எந்த நூல் முதலில் நொறுங்கும், எதை முதலில் காக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. தாளையும் கட்டையும் தேர்ந்தெடுத்தவர் அந்தத் தேர்வுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் இடம் அந்தப் பக்கம்தான்.